விபூதி போட்டுத் தேய்த்த ரோமானியக் காசு

லண்டனில் ஒரு நாணயக் கண்காட்சியில் சில வருடங்களுக்கு முன்பு இரண்டு காசுகள் வாங்கினேன். அதில் ஒன்றைக் கெடுத்துவிட்டேன். புதிதாகச் சேகரிக்கிறவர்கள் அதே தவறைச் செய்யக்கூடாது என்பதால் அதை முதலில் சொல்கிறேன்.

அது ரோமானியப் பேரரசர் கல்லியேனஸ் ஆட்சியின் கடைசி வருடங்களில், அதாவது கி.பி. 268-ஐ ஒட்டி அடித்தது. தலையில் கதிர்முடி வைத்த பேரரசர், காசு முழுக்கக் கறுப்பு, ஓரத்தில் மட்டும் கொஞ்சம் வெள்ளி மின்னியது. சரி, வெள்ளிதானே என்று வீட்டில் குங்குமச்சிமிழைத் தேய்ப்பதுபோல விபூதி தொட்டுத் தேய்த்தேன். இரண்டே நிமிடத்தில் செம்பு வந்துவிட்டது. அந்தச் சமயத்துக் காசில் வெள்ளி நூற்றுக்கு ஐந்துகூடத் தேறாது, மேலே இருந்தது வெறும் பூச்சு. அத்தனை நூற்றாண்டு தாங்கியதை என் விரல் உரித்துவிட்டது, இன்னும் மனசு ஆறவில்லை.

மற்றது ரோமானியத் தளபதி மார்க் ஆன்டனியின் டெனாரியஸ், அதாவது ரோமானிய வெள்ளிக்காசு. ஒரு பக்கம் துடுப்புக் கப்பல், மறுபக்கம் இரண்டு கொடிகளுக்கு நடுவே படையின் கழுகுச் சின்னம். பின்னாளில் அகஸ்டஸ் என்று பேரரசரான ஆக்டேவியனோடு மோதுவதற்கு முன் கி.மு. 32–31-இல் படைவீரர்களுக்குச் சம்பளம் கொடுக்க அடித்தது, வழக்கத்தைவிட வெள்ளி கொஞ்சம் குறைவு. ஆக்டியம் கடற்போரில் ஆன்டனி தோற்றார், ஆனால் காசு தோற்கவில்லை. கி.பி. 64-இல் பேரரசர் நீரோ, ஒரு ராத்தல் வெள்ளிக்கு 84 காசு என்று இருந்ததை 96 ஆக்கித் தரத்தையும் குறைத்ததும், நல்ல பழைய வெள்ளியை எல்லோரும் பதுக்கினார்கள், உருக்கினார்கள். (கோவைப் பக்கப் புதையல்களில் நீரோவுக்கு முந்தைய பேரரசர்களான அகஸ்டஸ், திபேரியஸ் காசுகள் நிறைய, நீரோவின் மாற்றத்துக்குப் பிந்தைய வெள்ளி அபூர்வம்.) வெள்ளி குறைந்த ஆன்டனியின் காசை உருக்கி என்ன லாபம்? அதனால் அது மட்டும் இருநூறு வருடத்துக்கு மேல் கைமாறிக்கொண்டே இருந்தது. என்னுடையது தேய்ந்து 3.1 கிராம்தான் இருக்கிறது, துடுப்புகள் வெறும் கோடுகளாகத் தெரிகின்றன. விளிம்பில் பிறை வடிவத்தில் ஒரு சின்ன முத்திரை, யாரோ ஒரு காசுக்கடைக்காரர் சந்தேகப்பட்டு உள்ளே செம்பா என்று குத்திப் பார்த்திருக்க வேண்டும். எனக்கு இந்தக் காசில் மிகப் பிடித்த இடம் அதுதான்.

இதை நான் தேய்க்கவே இல்லை, தேய்க்கவும் மாட்டேன். காசில் பொறித்த படைப்பிரிவு எண்ணில் ஐந்துக்கான எழுத்து (V) தெரிகிறது, அதற்கு அப்புறம் ஒரு கோடு இருந்ததா என்று புரியவில்லை. இப்படித் தேய்ந்த எண்ணைப் படித்தவர்கள் இருந்தால், வெளிச்சத்தை எந்தப் பக்கம் வைத்துப் படம் எடுத்தீர்கள் என்று எழுதுங்கள்.