மஸ்கி லூர்களுக்கு நீங்கள் செய்த பெட்டி எப்படி? அனுபவங்களை எழுதுங்கோ

ஸ்காபரோ

பாஸ், வோலாய் மாதிரிச் சின்ன மீன் பிடிக்கிற காலத்தில் வாங்கின தட்டைப் பெட்டிகள், மஸ்கி என்ற பெரிய வேட்டை மீனுக்கான லூர்களுக்கு (செயற்கை இரைகளுக்கு) உதவாது. டபுள் கவ்கேர்ல் என்ற பக்டெயில் (சுழல் தகடும் மயிர் மாதிரி வாலும் உள்ள லூர்) கிட்டத்தட்ட 10 அங்குலம், அதில் பத்தாம் நம்பர் தகடு இரண்டு. புல்டோக் என்ற ரப்பர் லூரில் சாதாரணமானது 9 அங்குலம், பெரிய மக்னம் வகை என்றால் 12 அங்குலம். ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று மும்முனைக் கொக்கி, அதுவும் 5/0 அளவுக்கு மேலே. இவற்றைப் படுக்க வைத்து அடுக்கினால் ஒன்றை எடுக்கும்போது நாலு சேர்ந்து வரும்.

மஸ்கி வள்ளத்தடி வரைக்கும் லூருக்குப் பின்னால் வந்து, வாயைத் திறக்காமல் பார்த்துவிட்டுத் திரும்பும் மீன். தடி நுனியைத் தண்ணிக்குள் விட்டு லூரை 8 வடிவத்தில் சுற்றியும் (எட்டுப் போடுதல்) கடிக்காவிட்டால், உடனே வேறொரு லூரை மாட்டி அதே இடத்துக்கு எறிய வேண்டும். அந்த அரை நிமிசத்தில் கொக்கிச் சிக்கல் எடுத்துக்கொண்டிருந்தால் மீன் போய்விடும். அதனால் நான் பெட்டி செய்யும்போது ஒரே ஒரு கேள்வியைத்தான் வைத்திருந்தேன்: பார்க்காமல், ஒரு கையால், ஒரு லூரை மட்டும் தூக்க முடியுமா?

பழைய கூலர் ஒன்றை எடுத்தேன். வாங்குகிறவர்கள் உள் ஆழத்தை அளந்து வாங்குங்கோ, 13 அங்குலத்துக்குக் குறைந்தால் மக்னம் தொங்காது. கூலரில் மூன்று நன்மை. வெயிலில் நிற்கும் காருக்குள் ரப்பர் லூர் இளகாது. மூடி இறுக்கமாகப் பூட்டும். அடியில் தண்ணி போகிற துவாரம் ஏற்கெனவே இருக்கு, அதை எப்போதும் திறந்தே வைக்கிறேன்.

உள் தடுப்புக்குக் கோரோபிளாஸ்ட். தேர்தல் நேரம் வீட்டு முன் புல்லில் நட்டுவைக்கிற பலகைகள் அந்தச் சரக்குத்தான். தேர்தல் முடிந்த பிறகு கட்சி அலுவலகத்தில் கேட்டால் சந்தோசமாகத் தருவார்கள். றோட்டோரத்தில் நிற்பதைப் பிடுங்க வேண்டாம், அது வேட்பாளருடைய சொத்து. 4 மில்லிமீற்றர் தடிப்பு, தண்ணி ஊறாது, சாதாரண கத்தியால் வெட்டலாம். நீளப் பட்டிகளில் மேலிருந்து பாதி வரைக்கும், குறுக்குப் பட்டிகளில் கீழிருந்து பாதி வரைக்கும் பிளவு வெட்டி, ஒன்றுக்குள் ஒன்றை இறக்கினால் 3 அங்குலச் சதுர அறைகள் கிடைக்கும். பசை தேவையில்லை. லூரின் கொக்கியைத் தடுப்பின் விளிம்பில் கொழுவி, உடம்பை அறைக்குள் தொங்கவிட வேண்டும்.

விளிம்பைத்தான் வடிவாகக் கவனிக்க வேண்டும். கொக்கி முனை கோரோபிளாஸ்ட்டைக் குத்திக் குத்திச் சீக்கிரமே கிழித்துவிடும். மீன்தொட்டிக்கு காற்று விடுகிற மெல்லிய பிளாஸ்டிக் குழாயை நீளவாட்டில் பிளந்து விளிம்பின் மேல் செருகுங்கோ. முனை மழுங்காது, தடுப்பும் நிலைக்கும். தடுப்பு முழுவதையும் அடியில் இருந்து ஓர் அங்குலம் உயர்த்தி நிறுத்தினால் சொட்டுகிற தண்ணி கீழே தேங்கி வழிந்து போகும். ஈரக் கொக்கி மூடின பெட்டிக்குள் ஒரு கிழமை கிடந்தால் துருப்பிடிக்கும். வீட்டுக்கு வந்ததும் மூடியைத் திறந்து பேஸ்மென்ட்டில் விடுகிறேன்.

உங்களுடையது எப்படி என்று எழுதுங்கோ. குறிப்பாக 12 அங்குலத்துக்கு மேலே உள்ளவற்றை எங்கே வைக்கிறீர்கள்?

ஒட்டாவா

அண்ணை, உங்கட கவார்த்தா ஏரிகளில் மஸ்கி எண்ணிக்கை கூட, உடம்பு கொஞ்சம் சிறிசு. இங்கே ஆற்றில் நிலைமை வேறு. இலையுதிர் காலத்தில் நாங்கள் எறிகிறது பவுண்டர் என்ற மிகப் பெரிய புல்டோக். பேருக்கு ஏற்றபடி ஒரு இறாத்தல் பாரம். அதைக் கூலருக்குள் தொங்கவிட்டால் வால் மடியும். ரப்பர் வால் மடிந்தபடி ஒரு குளிர்காலம் கிடந்தால் அந்த வளைவு நிலைத்துவிடும், பிறகு தண்ணிக்குள் சரியாக ஆடாது.

நான் செய்தது குழாய்ப் பெட்டி. கூரைப் பீலியில் இருந்து மழைத்தண்ணி இறங்குகிற செவ்வகக் குழாய், 2க்கு 3 அங்குலம், வீடு திருத்துகிற சாமான் கடை எதிலும் 10 அடி நீளத்தில் கிடைக்கும். அதை 16 அங்குலத் துண்டுகளாக அறுத்து, அறுத்த வாயை அரத்தால் தேய்த்து, ஆழமான பிளாஸ்டிக் தொட்டிக்குள் நெருக்கமாக நிறுத்தினேன். பக்கத்துக் குழாய்களைச் சின்னத் துருவேறா ஆணியும் நட்டும் போட்டு இணைத்தேன். ஒவ்வொரு குழாயின் அடியிலும் ட்ரில்லால் துளைகள். தொட்டியின் அடியிலும் அப்படியே.

குழாயின் பெரிய நன்மை, லூர் ஒன்றை ஒன்று தொடவே தொடாது. மரத்தால் செய்த சுயிக், பிளாஸ்டிக் பிலீவர் மாதிரிக் கடின லூர் எல்லாம் வள்ளம் அலையில் குதிக்கும்போது முட்டி முட்டிப் பெயின்ற் போகிறதை நான் கனக்கக் கண்டிருக்கிறேன். குழாய்க்குள் அது இல்லை. பக்டெயிலுக்கு மட்டும் குழாய் கூடாது. மயிர் காற்றுப் படாமல் நசிந்து ஈரமாகவே கிடந்து மணக்கும். பக்டெயில்களை அண்ணை சொன்ன மாதிரி விளிம்பில் தொங்கவிடுகிறதுதான் சரி.

இன்னொன்று. எல்லா அறையையும் பெரிய லூருக்கே கொடுக்காதேங்கோ. கனடாவின் மஸ்கி சாதனை, 1988 இல் ஜோர்ஜியன் பேயில் பிடிபட்ட 65 இறாத்தல் மீன், ரப்பாலா என்ற சின்ன லூர் ஒன்றைத்தான் கடித்தது. குளிர்முகப்பு (திடீரென்று வருகிற குளிர்க் காற்று) வந்துபோன அடுத்த நாள் மீன் சோம்பி நிற்கும். அந்த நேரத்தில் 5 அங்குல லூர் உங்களைக் காப்பாற்றும். என் பெட்டியில் ஒரு மூலை அதற்கென்றே இருக்கு.

மொன்றியல்

ரப்பர் லூர் வைத்திருக்கிற எல்லாரும் இதை வாசியுங்கோ. நான் பாவித்த வாங்கின பெட்டி ஒன்று, கண்ணாடி மாதிரித் தெரிகிற கடின பிளாஸ்டிக். வசந்தத்தில் திறந்தபோது புல்டோக்கின் வயிறு தட்டோடு உருகி ஒட்டியிருந்தது. பக்கத்தில் கிடந்த மர லூரின் பெயின்றும் கொழகொழவென்று உரிந்து வந்தது. சூடு காரணமில்லை, பெட்டி குளிர் கராஜில் இருந்தது. மென்மையான பிளாஸ்டிக்கை இளக்கமாக வைத்திருக்கச் சேர்க்கிற எண்ணெய் மெல்ல வெளியே வந்து, தொட்டுக்கொண்டிருக்கிற பொருளைக் கரைக்கிறது. பொலிஸ்டைரினுக்கு அது பரம எதிரி.

பெட்டியோ வாளியோ வாங்கும்போது அடியைத் திருப்பி முக்கோணத்துக்குள் இருக்கும் இலக்கத்தைப் பாருங்கோ. 2, 5 என்றால் பயமில்லை, பொலிஎதிலீன், பொலிப்ரொப்பிலீன். 6 என்றால் ரப்பரை அதற்குள் விடவேண்டாம். அண்ணையின் கோரோபிளாஸ்ட் பொலிப்ரொப்பிலீன்தான், அதனால் அது நல்ல தெரிவு. ஒட்டாவாத் தம்பியின் பீலிக் குழாய் வினைல் ஆச்சே, அதற்குள் பவுண்டரை மாதக் கணக்கில் விடாமல் குளிர்காலத்துக்கு எடுத்து, வாங்கின உறையில் போட்டு வைக்கிறது நல்லம். கறுப்பு ரப்பர் லூரையும் வெள்ளையையும் ஒன்றாக வைக்கவும் கூடாது, சாயம் ஊறிவிடும்.

அண்ணை, ஒரு கேள்வி. மீனை விடுவிக்கிற சாமான்களை எங்கே வைக்கிறீங்கள்? நான் பல வள்ளங்களில் பார்க்கிறேன், லூருக்கு மாளிகை, குறடு எங்கேயோ சீற்றுக்குக் கீழே.

மீண்டும் ஸ்காபரோ

நல்ல கேள்வி தம்பி, முதலிலேயே எழுதியிருக்க வேண்டிய விசயம். கூலரின் வெளிப்பக்கத்தில் 2 அங்குலக் குழாய்த் துண்டுகளைப் பக்கம் பக்கமாகப் பூட்டியிருக்கிறேன். ஒன்றில் நீண்ட மூக்குக் குறடு, ஒன்றில் வாய் விரிக்கிற கம்பி, மற்றதில் கொக்கி வெட்டுகிற கட்டர். கட்டர் இல்லாமல் மஸ்கிக்குப் போகவே கூடாது. சாதாரண குறடு 5/0 கொக்கியை வெட்டாது, சின்ன போல்ற் கட்டர் மாதிரியானது வேண்டும்.

பிஜன் ஏரியில் ஒரு பின்னேரம் மீன் ஒன்று பக்டெயிலுக்குப் பின்னால் வந்து, எட்டில் ஒரு சுற்று வந்து, கீழே இறங்கிவிட்டது. நான் கையை நீட்டி புல்டோக்கைத் தூக்கினேன், ஒன்றும் சேர்ந்து வரவில்லை. மாட்டி, களை விளிம்புக்கு எறிந்து, மெல்ல இழுத்தேன். இரண்டாவது இழுப்பில் கடித்தது. வலைக்குள் வந்த பிறகு பார்த்தால் ஒரு கொக்கி செவுளுக்குக் கிட்ட, மற்றது வலையில். மருமகன் கட்டரை உருவித் தர, மீனைத் தண்ணிக்குள்ளேயே வைத்துக்கொண்டு இரண்டு கொக்கியையும் வெட்டினேன். ஒரு கொக்கி சில டொலர், ஒரு பெரிய மஸ்கி வளர பத்து வருடத்துக்கு மேல் எடுக்கும். கோடையில் தண்ணி 27 பாகைக்கு மேலே போனால் நான் மஸ்கிக்கு வள்ளம் இறக்குவதே இல்லை. அந்தச் சூட்டில் எவ்வளவு கவனமாக விட்டாலும் மீன் பிழைக்கிறது கஷ்டம்.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் கட்டரோடு ஒரு மூடிப் பூட்டும் கட்டாயம் வையுங்கோ. விளிம்பில் தொங்குகிற கொக்கி எல்லாம் மேல்மட்டத்திலேயே நிற்கும், மூடி திறந்து கிடக்கும் வள்ளத்தில் ஒரு பிள்ளை தடுக்கி விழுந்தால் கை நேரே அதன் மேலேதான். எங்கட வீட்டுச் சட்டம், லூரை எடுத்தவர் மூடியைப் பூட்டின பிறகுதான் எறியலாம்.

ஒட்டாவாத் தம்பி, உங்கட 16 அங்குலக் குழாய்க்கு மூடி போட்டிருக்கிறீங்களா, திறந்துதான் இருக்கா? பவுண்டருக்கு அப்படி நாலு குழாயைக் கூலரின் பின்பக்கம் பூட்ட யோசிக்கிறேன். முடிந்தால் அடித்துளையின் அளவையும் போடுங்கோ.