புதுப்பிப்பு: ஆழியாறு முதல் பொன்னானி வரை, இந்த முறை நிற்காமல்

போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன். பாலக்காடு சித்தூர்ப் பக்கம் தமிழ் வழி ஆறாம் வகுப்புக்கு கூகுள் எர்த்தில், பாரதப்புழை ஆற்றை மேலிருந்து பார்த்தபடி கடல் வரை போகும் திரைச் சுற்றுலா ஒன்று செய்துவைத்தேன். வகுப்பில் நெட் படுத்துக்கொள்ள, மூலத்தறைத் தடுப்பணை தாண்டியதும் திரை மங்கலாகி நின்றுவிட்டது.

இப்போது சரியாகிவிட்டது. பிரவுசரில் செய்ததைக் கேஎம்எல் கோப்பாக (எர்த்தின் இடக்குறிகளைச் சேமிக்கும் வடிவம்) இறக்கி, லேப்டாப்பில் நிறுவிய எர்த் ப்ரோ மென்பொருளில் திறந்தேன். முந்தைய இரவு வீட்டு வைஃபையில் ஒருமுறை முழுக்க ஓட்டினேன். பார்த்த படங்கள் கேஷில், அதாவது லேப்டாப்பின் தற்காலிகச் சேமிப்பில், தங்கிவிடுவதால் வகுப்பில் நெட்டே தேவைப்படவில்லை. ஓட்டாத பக்கம் நகர்த்தினால் மட்டும் மங்கல்தான்.

சுற்றுலா நின்று காட்டும் இருபது இடக்குறிகளை ஏழாகக் குறைத்ததும் நல்லதாயிற்று. பறளியில்தான் அதிக நேரம் போனது. சித்தூர்ப்புழையும் கல்பாத்திப்புழையும் சேரும் இடம் அது. "நம்ம ஆறு இங்க பேரை மாத்திக்குதா, டீச்சர்?" என்றாள் ஒருத்தி. அப்புறம் பழைய படங்களுக்கான காலப்பட்டையை இழுத்தோம். மணலுக்கு நடுவே புல் திட்டுகளைப் பார்த்து, "இது ஆறா, மேய்ச்சல் காடா?" என்று ஒரே சிரிப்பு. 209 கிலோமீட்டரையும் ஓட்டிமுடிக்க ஒரு பீரியட் போதவில்லை. பொன்னானிக் கடல் திங்கட்கிழமைக்கு.