தகர்க்கலம்: ‘தண்டர் சைல்டு’ எந்த வகைக் கப்பல்?

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு,

செவ்வாய்வாசிகள் பூமியைத் தாக்குவதாக எச். ஜி. வெல்ஸ் எழுதி 1898இல் நூலாக வெளியிட்ட ‘உலகங்களின் போர்’ நாவலை இளையோருக்காக மொழிபெயர்த்துவரும் நண்பர், முட்டி உடைக்கும் ‘டார்பிடோ ரேம்’ என்னும் கப்பல் வகைக்குத் தமிழ்ச்சொல் கேட்டிருந்தார். போர்க்கப்பல், இரும்புக்கவசக் கப்பல், டார்பிடோ கப்பல், முட்டுக்கப்பல் என்று நான்கு பரிந்துரைகள் வந்திருக்கின்றன. முதல் மூன்றையும் இப்போதே தள்ளிவிடலாம் என்பது என் கருத்து. நாவலில் வரும் அந்த டார்பிடோ ரேமின் பெயர் தண்டர் சைல்டு. அது எந்த வகைக் கப்பல் என்று தெரியாவிட்டால், அது சண்டையிடும் அத்தியாயத்தில் மக்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்பதே வாசகருக்குப் பிடிபடாது.

சண்டையை நடந்தபடியே பார்ப்போம். கதைசொல்லியின் தம்பி லண்டனிலிருந்து தப்பி, வழியில் சேர்ந்துகொண்ட இரண்டு பெண்களோடு எசெக்ஸ் கரைக்கு வந்து சேர்கிறான். மூவருக்குமாக 36 பவுண்டு கொடுத்து, பெல்ஜியத்தின் ஆஸ்டெண்டு போகும் துடுப்புச்சக்கர நீராவிக் கப்பலில் இடம் பிடிக்கிறார்கள். இன்னும் ஆள் ஏறட்டும் என்று கேப்டன் மாலை ஐந்து மணிவரை அங்கேயே நிற்கிறார். தெற்கே பீரங்கிச் சத்தம் கேட்ட பிறகுதான் கப்பல் கிளம்புகிறது. கொஞ்ச நேரத்தில் சேற்றுக் கரையோரம் செவ்வாய்வாசிகள் ஓட்டும் மூன்று கால் இயந்திரம் ஒன்று தெரிகிறது. பின்னாலேயே இன்னொன்று, அப்புறம் மூன்றாவது. மூன்றும் கடலுக்குள் இறங்கி நடந்தே வருகின்றன. அங்கே குவிந்து கிடக்கும் கப்பல்கள் தப்பிவிடாதபடி வழியை மறிக்க வருவதுபோல் இருக்கிறது.

அப்போதுதான் தண்டர் சைல்டு நகர்கிறது. அதுவரை அது நீரில் தாழ்ந்து, பாதி மூழ்கிய கப்பல்போலத் தூரத்தில் கிடந்தது. இப்போது நீராவிக் கப்பலை ஒட்டி, நூறு கெஜம்கூட இடைவெளி இல்லாமல் பாய்ந்து போகிறது. அது எழுப்பிய அலையில் இந்தக் கப்பல் ஆடிப்போகிறது, பயணிகள் நிலைதடுமாறுகிறார்கள். கவனிக்க வேண்டிய இடம் இதுதான்: தண்டர் சைல்டு சுடவில்லை. முழு வேகத்தில் நேராக ஓடுகிறது, அவ்வளவுதான். செவ்வாய்வாசிகளுக்கு இது என்னவென்றே புரியவில்லை. தங்களைப் போன்ற இன்னொரு பேருருவம் என்றுகூட எண்ணியிருக்கலாம் என்கிறார் வெல்ஸ். ஒரே ஒரு குண்டு சுட்டிருந்தாலும், எதையும் எரிக்கும் அவர்களுடைய வெப்பக்கதிர் அப்போதே அதை அடியில் அனுப்பியிருக்கும். ஒரு இயந்திரம் நச்சுக் கரும்புகை அடைத்த குப்பியை எறிகிறது. அது கப்பலின் பக்கவாட்டில் பட்டுத் தெறித்துவிடுகிறது. பிறகுதான் வெப்பக்கதிர் பாய்கிறது. கடல்நீர் ஆவியாகிப் பொங்குகிறது, கப்பலின் இரும்பு துளைபடுகிறது. அதற்குள் கப்பல் நெருங்கிவிட்டது. முதல் இயந்திரம் தள்ளாடி, வெட்டுண்டு சாய்கிறது. அதன் பிறகே பீரங்கிகள் ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்கின்றன. தீப்பற்றிய நிலையிலும் சுக்கானும் எஞ்சினும் வேலை செய்கின்றன. கப்பல் இரண்டாவதை நோக்கித் திரும்புகிறது. நூறு கெஜத்துக்குள் போனதும் கதிர் பட்டு வெடிக்கிறது. ஆனால் வந்த வேகம் நிற்கவில்லை. எரியும் சிதிலமே போய் மோதி அந்த இயந்திரத்தை நசுக்கிவிடுகிறது. ஆவியும் கரும்புகையும் மறைத்த அந்த நேரத்தில் நீராவிக் கப்பல் திறந்த கடலுக்குப் போய்விடுகிறது.

இரண்டாவது இயந்திரம் விழுவதைப் பாருங்கள். அங்கே ஆயுதமே கப்பலின் உடல்தான். ‘போர்க்கப்பல்’ என்று எழுதினால், ஏன் சுடாமல் ஓடுகிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள். ‘இரும்புக்கவசக் கப்பல்’ தற்காப்பை மட்டும் சொல்கிறது. ‘டார்பிடோ கப்பல்’ என்றாலோ, அத்தியாயத்தில் நடக்காத டார்பிடோ (நீருக்கடியில் பாய்ந்து வெடிக்கும் குண்டு) வீச்சை எதிர்பார்க்க வைக்கும்.

இது வெல்ஸ் கற்பனையில் உண்டாக்கிய வகையும் அல்ல. 1866இல் ஏட்ரியாட்டிக் கடலில் லிசா தீவருகே நடந்த போரில், ஆஸ்திரியத் தலைமைக் கப்பல் இத்தாலியின் ‘ரே டி இத்தாலியா’வை மோதியே மூழ்கடித்தது. கவசத்தைக் குண்டுகள் துளைக்கத் திணறிய காலம் அது. அணியத்துக்கு (கப்பலின் முன்பகுதிக்கு) அடியில், நீர்மட்டத்துக்குக் கீழே நீண்ட இரும்பு மூக்கு வைத்த கப்பல்கள் அதன் பிறகு பல நாடுகளில் கட்டப்பட்டன. பிரிட்டிஷ் கடற்படை டார்பிடோ ரேம் என்று கட்டியது ஒன்றே ஒன்றுதான்: 1881இல் நீரில் இறங்கிய ‘பாலிஃபீமஸ்’. நீரில் தாழ்ந்த உடல், பெரிய பீரங்கி கிடையாது, மோதும் மூக்கிலேயே ஒரு டார்பிடோ குழாய். 1885இல் அயர்லாந்தின் பெரஹேவனில் நடந்த பயிற்சியில் துறைமுகத் தடுப்பைப் பாய்ந்து அறுத்துக் காட்டியது. தண்டர் சைல்டுக்கு இதுதான் முன்மாதிரி என்று சொல்வதுண்டு. அந்த மூக்கு சொந்தக் கப்பலையும் கொன்றிருக்கிறது. 1893இல் அணிவகுப்பின்போது பிரிட்டிஷ் போர்க்கப்பல் ‘கேம்பர்டவுன்’ தவறுதலாக மோதி, அதே கடற்படையின் ‘விக்டோரியா’ மூழ்கியதில் 358 பேர் இறந்தார்கள். இந்த நாவலின் முதல் வாசகர்களுக்கு அது மறக்காத செய்தியாகவே இருந்திருக்கும்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் ‘ரேம்’ என்றால் கிடாய். நமக்கு அதே விலங்குக்குத் ‘தகர்’ என்ற சொல் இருக்கிறது, அதுவும் சண்டையோடு சேர்ந்தே. காலமறிதல் அதிகாரத்தில் வள்ளுவர், ஊக்கமுடையவன் அடங்கியிருப்பதைத் தாக்குவதற்காகப் பின்வாங்கும் ‘பொருதகர்’ என்கிறார். தண்டர் சைல்டு சுடாமல் ஓடியதற்கு இதைவிடப் பொருத்தமான உவமையை நான் தேடிக் காணவில்லை. ஆகவே என் பரிந்துரை ‘தகர்க்கலம்’. அந்த இரும்பு மூக்குக்குத் ‘தகர்முனை’.

அன்புடன்.

மறுமடல்:

வணக்கம் ஐயா. குறளை இங்கே கொண்டுவந்தது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனாலும் இரண்டு தடைகள் சொல்ல வேண்டும். ஒன்று, பள்ளிப் பிள்ளைக்குத் ‘தகர்’ என்றதும் தகர டப்பாதான் நினைவுக்கு வரும். கிடாய் முட்டு இன்றும் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சண்டை என்பதால்தான் ‘முட்டுக்கப்பல்’ என்றேன். இரண்டாவது, ‘தகர்’ வினையும்கூட. ஒற்றை விட்டுத் ‘தகர்கலம்’ என்று யாராவது அச்சிட்டால் வினைத்தொகையாகி, உடைந்துபோகும் கலம் என்று பொருள் தலைகீழாகிவிடும். நம் அச்சகங்களில் ஒற்று என்ன பாடுபடுகிறது என்று உங்களுக்கே தெரியும்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். இந்தச் சொல் வேறு எங்கே பயன்படும்? ஒரு அத்தியாயத்துக்காக மட்டும் சொல் ஆக்குவது சரியா?

மறுமடல்:

வணக்கம் ஐயா. ஒற்றுப் பிரச்சினை உண்மையானது. தேர்க்கால் என்பதுபோல் இங்கேயும் க் மிகும் என்று பட்டியலிலேயே குறித்துவிடலாம். தகரத்தைப் பற்றிய அச்சத்துக்கு விடை முதல் வரியில் இருக்கிறது: சொல் முதன்முறை வரும்போதே ‘கிடாயைப் போல் முட்டி உடைக்கும் கலம்’ என்று வாக்கியத்துக்குள் சொல்லிவிட்டால், பிறகு குழப்பம் வராது. விண்கலம் என்ற சொல்லால் ‘கலம்’ பிள்ளைகளுக்கு ஏற்கெனவே பழக்கம்தான்.

‘முட்டுக்கப்பல்’ எளிமையானது, மறுக்கவில்லை. ஆனால் முட்டு என்றால் தாங்கு கொடுப்பதும் ஆகிறது; கரையில் முட்டுக் கொடுத்து நிறுத்திய படகு என்று எண்ண இடமிருக்கிறது. வினையாக அதை எடுத்துக்கொள்வோம். தகர்க்கலம் முட்டியது, தகர்முனை பாய்ந்தது என்று எழுதினால் இரண்டும் சேர்ந்தே ஓடும்.

பயன்பாடு நிறைய உண்டு. பழைய கிரேக்கத் துடுப்புப் போர்க்கப்பல்களின் அணியத்தில் இருந்த வெண்கல மூக்கு தகர்முனைதான். லிசாவைப் பற்றி எழுதும் வரலாற்று ஆசிரியருக்கும் இது வேண்டும். ஜூல் வேர்னின் கேப்டன் நீமோ பகைக் கப்பலை முட்டி மூழ்கடிக்கும் நாட்டிலஸும் நீருக்கடியில் ஓடும் தகர்க்கலமே.

மொழிபெயர்ப்பில் அந்த இடத்தை இப்படி எழுதிப் பார்த்தேன்: “கிடாயைப் போல் முட்டி உடைக்கவே கட்டிய தகர்க்கலம் அது. ஒரு குண்டும் சுடாமல், புகைபோக்கி இரண்டும் நெருப்பைக் கக்க, செவ்வாய் இயந்திரங்களை நோக்கி நேரே ஓடியது.” வாய்விட்டுப் படித்தால் தடங்கல் இல்லை. தடை இல்லையென்றால் இதையே பட்டியலில் சேர்த்துவிடலாம். செவ்வாய் இயந்திரத்துக்கு ‘முக்காலி’ ஒத்துவராது என்று வேறொருவர் எழுதியிருக்கிறார்; அதைத் தனி இழையில் பேசுவோம்.