மூன்றரை வயது மகள் அங்கன்வாடியில் வாயே திறப்பதில்லை

கொழிஞ்சாம்பாறை அம்மா:
நாங்கள் இருப்பது தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளப் பக்கம். எங்கள் வீட்டில் தமிழ் மட்டும்தான். ஜூனில் மகளை அங்கன்வாடியில் சேர்த்தோம். வீட்டில் கோழியோடுகூட வம்பளப்பவள், அங்கே போனால் கப்சிப். டீச்சர் கேட்டால் தலையை மட்டும் ஆட்டுகிறாளாம். "இனி வீட்டிலும் மலையாளமே பேசுங்கள்" என்கிறார் டீச்சர். என் மலையாளம் சந்தைக்குப் போய்வர மட்டும்தான் ஆகும். மாமியாரோ, பக்கத்து வீட்டு எல்கேஜி பையன் நோட்டு நிறைய எழுதுவதைக் காட்டி, அங்கே மாற்றிவிடு என்கிறார். என்ன செய்யட்டும்?

வாளையார் தம்பி:
பேசாமல் எல்கேஜியிலேயே போடுங்கக்கா. இங்கிலீஷ் இல்லாமல் இப்போது எதுவும் நடக்காது.

ஓய்வுபெற்ற டீச்சர்:
அவசரப்படாதே அம்மணி. இந்த எல்லையோரத்தில்தான் அங்கன்வாடி டீச்சராக இருந்தேன். தமிழ் வீட்டுப் பிள்ளைகள் பலர் முதல் சில மாதம் இப்படித்தான் வாயைப் பூட்டிக்கொள்வார்கள். காது திறந்திருக்கும். செருப்பை எடுத்து வா என்று டீச்சர் மலையாளத்தில் சொன்னால் எடுத்து வருகிறாளா? மற்ற பிள்ளைகளோடு மண்ணில் விளையாடுகிறாளா? அப்படியென்றால் கவலை வேண்டாம். என்னிடம் ஒரு பையன், ஓணம் வரை ஒரு சொல் கிடையாது. ஒருநாள் புளியங்கொட்டைகளைக் குழியில் போட்டுக்கொண்டே "ஒந்நு, ரண்டு, மூந்நு" என்று தன்பாட்டுக்கு எண்ணினான். நான் திரும்பியதும் நிறுத்திவிட்டான். அப்புறம் பார்க்காத மாதிரியே இருந்துகொள்வேன்.

வீட்டில் தமிழை விட்டுவிடாதே. அரைகுறை மலையாளத்தில் வா, போ, தின்னு தவிர என்ன பேசுவாய்? நேற்று மழையில் வந்த தவளை இப்போது எங்கே போயிருக்கும் என்று இழுத்து இழுத்துப் பேச உனக்குத் தமிழ்தான் வரும். பிள்ளைக்கு அந்தப் பேச்சுதான் வேண்டும். தமிழில் எண்ணத் தெரிந்தவள் மலையாளத்தில் எண்ணிக்கையைப் புதிதாகப் படிக்கப் போவதில்லை, பெயர்களை மட்டும்தான். 2020 தேசியக் கல்விக் கொள்கையும் 3 முதல் 8 வயதை ஒரே கட்டமாக வைத்து, விளையாட்டையும் வீட்டு மொழியையும்தான் சொல்கிறது.

எல்கேஜி நோட்டைப் பார்த்து மலைக்காதே. மணிக்கட்டில் 8 சின்ன எலும்புகள். பிறக்கும்போது எல்லாம் குருத்தெலும்பு, கடைசியானது கெட்டிப்பட 8 வயதுக்கு மேல் ஆகும். அந்தப் பிஞ்சுக் கையை நோட்டு நிறைய எழுதவைக்க இப்போதே அவசரம் வேண்டாம். விஜயதசமிக்கு அரிசியில் விரலால் எழுத வை, போதும். மொச்சை உரிக்கக் கொடு, சப்பாத்தி மாவைப் பிசையக் கொடு. விரலுக்கு வலு அதில் வரும்.

ஒன்று மட்டும் கவனி. தமிழிலும் பேச்சு குறைந்தாலோ, முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டால் திரும்பாவிட்டாலோ தள்ளிப்போடாமல் காதைப் பரிசோதித்துவிடு.

கொழிஞ்சாம்பாறை அம்மா:
செருப்பெல்லாம் எடுத்து வருகிறாள் டீச்சர், மற்றவர்களுடையதையும் சேர்த்து. ஆனால் வீட்டில் தமிழ்தான் பேசுவோம் என்று அங்கே டீச்சரிடம் எப்படிச் சொல்வது? கோபித்துக்கொள்வாரோ?

ஓய்வுபெற்ற டீச்சர்:
வாதாடப் போகாதே. "தண்ணி", "ஒண்ணுக்கு", "வயிறு வலிக்குது" என்று மகள் வீட்டில் சொல்வதை மலையாள எழுத்தில் யாரையாவது எழுதித் தரச் சொல்லி, டீச்சரிடமும் ஹெல்ப்பரிடமும் கொடு. கேட்கத் தெரியாமல் பாவாடையை நனைத்துக்கொண்ட பிள்ளைகள் மறுநாள் வரவே அழுவார்கள். முதலில் அதைச் சரிசெய்.