சுருக்கப் பதிப்பு ஏமாத்து வேலையா?

தறிக்காரன் (பல்லடம்):
சின்ன வயசுல நான் படிச்ச 'கலிவரின் பயணங்கள்' சுருக்கம் அறுபது பக்கம் இருக்கும். எங்கூரு நூலகத்துல அட்டை கிழிஞ்சு கெடந்தது. குள்ளருங்க கலிவரைக் கட்டிப் போடுவாங்க, இவன் எதிரி கப்பலையெல்லாம் கயித்துல இழுத்துட்டு வருவான், கதை முடிஞ்சுது. போன மாசம் முழுசா படிச்சேன். நாலு பாகமுங்க! அரண்மனை தீப்பிடிச்சப்ப மூத்திரம் பேஞ்சு அணைக்கிறான். ராணி அருவருத்துப்போயி அந்தக் கட்டடத்துக்கே திரும்பமாட்டேங்கறா. கடைசியில ஊருக்கு வந்தவனுக்குப் பொண்டாட்டி புள்ளைங்க வாசமே ஆகறதில்லை. லாயத்துல ரெண்டு குதிரைங்ககூட தினம் நாலு மணி நேரம் பேசிட்டிருக்கான். 1726-லயே இதை எழுதுன ஸ்விப்ட் மனுசப் பொறப்பையே காறித் துப்பியிருக்காரு. எனக்குக் கெடைச்சது வெறும் பொம்மைக்கதை. சுருக்கறவங்க மேல கோவமா வருது.

கோபி அம்முணி:
ஏனுங்க, எட்டு வயசுல அந்த லாயம் உங்களுக்கு என்னத்தப் புரிஞ்சிருக்கும்? அந்த அறுபது பக்கம் இல்லாட்டி இப்ப முழுசையும் தேடிப் போயிருப்பீங்களா?

தறிக்காரன்:
லாயம் புரியாது, ஒத்துக்கறேன். மூத்திரம் புரியுமுங்க. அந்த வயசுப் பையனுக்கு அதைவிடப் புடிச்ச எடம் அந்தப் புத்தகத்துலயே இருக்காது. அதையல்ல வெட்டிட்டாங்க!

நொய்யல்:
நான் தறிக்காரர் பக்கம். பாப்பாவுக்கு ஹைடி சுருக்கம் வாங்கினேன், மலையில தாத்தாகூட இருக்கற சின்னப் பொண்ணு கதை. பிராங்க்பர்ட் போனா, ஏங்கினா, திரும்பி வந்தா. மூணு வரி. மூலத்துல அவ வெள்ளை ரொட்டியை அலமாரிக்குள்ள சேத்து ஒளிச்சு வெப்பா. மலையில இருக்கற பீட்டரோட பாட்டிக்குக் கண்ணு தெரியாது, கறுப்பு ரொட்டியை மெல்லவும் முடியாது, அதுக்காக. அந்தப் பிராங்க்பர்ட் வீட்டை நிர்வாகம் பண்ற அம்மா கண்டுபுடிச்சுத் தூக்கி எறியச் சொல்லிருவா. இதைப் படிச்சுக் காட்டினதும் பாப்பா சொன்னது: "அம்மிச்சி முறுக்கைக் காப்பியில ஊறப்போடுமே, அந்த மாதிரியா?" ரொட்டியை எடுத்துட்டா ஹைடில மிச்சம் ஆடுதான். ஆடு காங்கயத்துலயே இருக்குதுங்க.

கோபி அம்முணி:
ரொட்டியை உட்டவன் கையாலாகாதவன். அதுக்காகச் சுருக்கறதே தப்புன்னு ஆயிருமா? பதேர் பாஞ்சாலிங்கற வங்காள நாவலை எடுத்துக்குங்க. தமிழுக்குக் கொண்டாந்தவரு நம்ம தாராபுரம் பக்கத்துக் கீரனூர்க்காரர், ஆர். சண்முகசுந்தரம். வங்காளத்துல அதைக் குழந்தைகளுக்குன்னு சுருக்கிப் போட்டப்ப படம் வரைஞ்சவரு சத்யஜித் ராய். சினிமாவா எடுக்கலாம்ங்கற நெனப்பு அங்கதான் விழுந்தது. 1955-ல படம் வந்துச்சு.

தறிக்காரன்:
இது எனக்குத் தெரியாதுங்க. சரி, அதே சண்முகசுந்தரத்தோட நாகம்மாள் நாவல், 1942. யாராச்சும் பள்ளிக்கூடத்துப் பசங்களுக்குச் சுருக்கினா மொதல்ல எது போகும்? நம்ம கொங்குப் பேச்சு. கொழுந்தன்கிட்ட காட்டுல பங்கு கேக்கற பொம்பளை "எனக்குரிய நிலத்தைத் தாருங்கள்"னு கேட்டா எவன் குடுப்பான்?

கோபி அம்முணி:
நாகம்மாளைச் சுருக்க யாருங்க சொன்னா? அது கொலையில முடியற கதை. பதினாறு வயசாகட்டும், முழுசாவே குடுங்க.

ஈரோட்டு மஞ்சள்:
குறுக்க வர்றேன். நம்மூரு பெ. தூரன் பெரியவங்களுக்குக் கலைக்களஞ்சியம் முடிச்ச கையோட, குழந்தைகளுக்குன்னே தனியா 10 தொகுதி கொண்டாந்தாரு. பெருசை வெட்டறதா வேண்டாமான்னு சண்டை போடற நேரத்துக்குப் புதுசா எழுதலாமுங்க.

நொய்யல்:
எழுதுங்க, வாங்கிக்கறேன். அம்முணி, அந்தப் பதேர் பாஞ்சாலி இருந்தா எரவல் கெடைக்குமா?

கோபி அம்முணி:
இருக்குது, தர்றேன். ஆனா முழுசாத் திரும்பி வரோணும். போனவாட்டி ஒருத்தர் வாங்கிட்டுப்போயி அட்டையில்லாமத்தான் வந்துச்சு.