டிபி வந்து மீண்டவர்கள் உங்கள் கதையைச் சொல்லுங்கள்

பள்ளத்தூர்க்காரி:
ஐப்பசியில் ஆரம்பித்த இருமல் மார்கழியில் வரும் பிள்ளையார் நோன்பு வரைக்கும் விடவில்லை. மழை, தூசு, பழைய வீடு என்று ஆளுக்கொரு காரணம் சொன்னோம். நோன்பன்று சாமி கும்பிட்டு இழை எடுத்துக்கொள்ளப் புதுப்புடவை கட்டினால் இடுப்பில் நிற்கவில்லை. 54 கிலோ இருந்தவள் 47. மறுநாளே சளிப் பரிசோதனை. கிருமியின் மரபணுவைத் தேடும் இயந்திரம் இரண்டு மணி நேரத்தில் டிபி என்றது. டிபிக்கு முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படும் கிருமிதான் என்பதையும் சேர்த்தே சொல்லிவிட்டது.

அன்று ராத்திரி வீட்டின் உட்பகுதியான இரண்டாம் கட்டிலிருந்து எனக்கென்று ஒரு எவர்சில்வர் தட்டும் டம்ளரும் வந்தன. நம் பக்கம் பாத்திரத்தில் பெயர் வெட்டுவார்களே, அதில் மாமனாரின் சித்தப்பா பெயர். பர்மாவிலிருந்து திரும்பி, 1950களில் டிபி ஆஸ்பத்திரியான தாம்பரம் சானடோரியத்தில் ஒரு வருஷம் படுத்திருந்த மனிதர். குணமாகி வந்த பிறகும் கடைசிவரை அந்தத் தட்டில்தான் அவருக்குச் சோறு. வெட்டிய எழுத்தின் பள்ளமெல்லாம் கறுத்துக் கிடந்தது.

டிபி இருமும்போது காற்றில் பரவுவது. தட்டில், டம்ளரில் ஒட்டாது. இத்தனைக்கும் நம் சென்னையிலேயே 1956-ல் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். 193 நோயாளிகளில் பாதிப் பேருக்கு வீட்டில் வைத்தே மருந்து, மீதிப் பேருக்கு சானடோரியத்தில். நெருக்கடியான வீடு, அரைகுறைச் சாப்பாடு. இருந்தும் வீட்டில் இருந்தவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு குணமானது. அவர்கள் வீட்டாருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959-ல் முடிவு வெளிவந்தது. அது எங்கள் இரண்டாம் கட்டுக்கு இன்னும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான். மாமியாரிடம் சொன்னேன். "நீ சொல்றது சரிதான் ஆத்தா, ஆனாலும்..." என்றார்கள்.

எனக்கு ஏன் வந்தது? எட்டு வருஷமாகச் சர்க்கரை. கிருமி நுரையீரலுக்குள் போனதும் வெள்ளணுக்கள் அதை விழுங்குமாம். ஆனால் இது விழுங்கிய அணுவுக்குள்ளேயே உயிரோடு இருக்கும். சரி, கொல்ல முடியாவிட்டால் சுற்றி வளைத்துச் சுவர் எழுப்புவோம் என்று உடம்பு அடைத்து வைக்கும். பலருக்கு அது ஆயுசுக்கும் உள்ளேயே கிடக்கும். சர்க்கரை ஏறினால் காவல் தளர்ந்து சுவர் இடியும்.

நான்கு மருந்து சேர்ந்த மாத்திரை தினமும் மூன்று, இரண்டு மாதம். அப்புறம் மூன்று மருந்து, நான்கு மாதம். முதல் நாளே சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயப்படாதீர்கள்; ரிஃபாம்பிசின் வேலை அது. பிரான்சின் கடலோரப் பைன் காட்டு மண்ணில் 1957-ல் கிடைத்த நுண்ணுயிரியிலிருந்து வந்த மருந்து.

தேவகோட்டை ரஸ்தா:
நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்கிறேன். 2013-ல் எனக்கும் இதே மாத்திரைதான். இரண்டு மாதத்தில் இருமல் நின்றது, பசி வந்தது, விட்டுவிட்டேன். கிருமியில் பலவீனமானதுதான் செத்திருக்கிறது, தாக்குப்பிடித்தது பெருகிவிட்டது. திரும்ப வந்தபோது பழைய மருந்து எதுவும் கேட்கவில்லை. ஆறு மாதம் இடுப்பில் கனாமைசின் ஊசி, மொத்தம் இரண்டு வருஷ வைத்தியம். நோய் போனது, கூடவே இடது காதும். இன்றைக்கும் பஸ்ஸில் யாராவது இடப்பக்கம் உட்கார்ந்து பேசினால் சும்மா தலையாட்டுவேன்.

என் சிநேகிதருக்கு 2021-ல் அதே மாதிரி வந்தது. அவருக்கு ஊசியே இல்லை. பெடாக்விலின் கொடுத்தார்கள். கிருமி தனக்குச் சக்தி தயாரிக்கிற இடத்தையே அடைக்கிற மருந்து. அமெரிக்காவில் 2012-ல் அனுமதி கிடைத்தது. ரிஃபாம்பிசினுக்குப் பிறகு புது வகையாக ஒன்று வர 40 வருஷம் ஆகியிருக்கிறது. ஏழைகளின் நோய்க்கு மருந்து தேட யாருக்கு அவசரம்?

கானாடுகாத்தான் அப்பத்தா:
என் மகனுக்கு வந்தபோது பேரன் பேத்திக்கும் நோய் இருக்கிறதா என்று பார்த்தார்கள். இல்லை என்றானதும் தடுப்புக்கு வாரம் ஒரு தடவை மாத்திரை, 12 வாரம். நான்தான் காலண்டரில் வட்டம் போட்டுக் கொடுத்தேன். பள்ளத்தூர்க்காரி, அந்தத் தட்டு என்னாச்சு?

பள்ளத்தூர்க்காரி:
இரண்டாம் மாதம் சளியில் கிருமி இல்லை என்று வந்த ரிப்போர்ட்டை மாமியாரிடம் வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் தட்டு உள்ளே போய்விட்டது. டம்ளரை நான் கொடுக்கவில்லை. மாத்திரை அட்டையை அதில்தான் வைக்கிறேன். இன்னும் 23 நாள்.