3 சதவீதமாம், சதவீதம்!

கறார்பேர்வழி | இரவு 9.04
நேத்து பச்சைவிளக்குன்னு ஒருத்தர், புதுசா எழுத வந்த ஒரு பையனுக்கு அட்வைஸ் குடுத்திருந்தார்: "கட்டுரையில கீவேர்டு, அதாவது ஜனங்க கூகுள்ல தேடற சொல், சரியா 3 சதவீதம் இருக்கணும். 1000 வார்த்தைக்கு 30 தடவை. ஒண்ணு குறைஞ்சாலும் கூகுள் திரும்பிப் பாக்காது. கேரண்டி." படிச்சதுல இருந்து வயித்தெரிச்சல் தாங்கல, அதான் தனியாவே ஆரம்பிச்சுட்டேன். அந்தப் பையனும் பாவம் இதை நம்பி பஞ்சர் ஒட்டறதைப் பத்தி ஒண்ணு எழுதிட்டு வந்து நிக்கிறான். முதல் வரி இது: "பஞ்சர் ஒட்டுவது எப்படி என்று தெரியாதவர்கள் பஞ்சர் ஒட்டுவது எப்படி என்பதை அறிய பஞ்சர் ஒட்டுவது எப்படி என்ற இந்தப் பதிவைப் படியுங்கள்." ஒரே வாக்கியம், மூணு தடவை. டியூபை எப்படிக் கழட்டணும்ங்கிறது பதினோராவது பாராவுல வருது. நடு ரோட்டுல சைக்கிளோட நிக்கிறவன் அதுவரைக்கும் படிப்பானா?

2011-லயே கூகுள்ல ஏமாத்துப் பக்கங்களைப் பிடிக்கிற வெப்ஸ்பேம் டீம் தலைவரா இருந்த மேட் கட்ஸ் வீடியோவுல வந்து சொல்லியாச்சு, இப்படி ஒரு மாய சதவீதமே கிடையாதுன்னு. முதல் ஒண்ணு ரெண்டு தடவை வந்தா உதவும், அதுக்கு மேல போகப் போக பலன் தேஞ்சுடும், ரொம்பப் போனா ஸ்டஃபிங், அதாவது வார்த்தையைத் திணிக்கிறது. இன்னும் 3 சதவீதம்னு பாடம் எடுக்கறவங்களை என்ன சொல்றது?

பச்சைவிளக்கு | இரவு 9.21
பேர் சொல்லியே திட்டறதுக்கு ரொம்ப நன்றி சார். நீங்க வீடியோ பாத்து ரேங்க் பண்றீங்க, நான் பேஜ் வச்சு ரேங்க் பண்றேன். என்னோட ஒரு பேஜ் கூகுள் ரிசல்ட்ல 14-வது இடத்துல கிடந்துச்சு. கீவேர்டை 1 சதவீதத்துல இருந்து 3-க்கு ஏத்தினேன், மூணே வாரம், 5-வது இடம். நம்ம தளத்தைப் பத்தி கூகுள் கணக்கு காட்டற சர்ச் கன்சோல்ல ஆவரேஜ் பொசிஷன் (சராசரி இடம்) கோடு ஏணி மாதிரி ஏறுது. நீங்க சொல்ற கட்ஸ் கூகுளை விட்டுப் போய் எத்தனை வருஷம் ஆச்சு? போனவரோட பேச்சைப் பிடிச்சுக்கிட்டு தொங்கறீங்களே.

கத்துக்குட்டி | இரவு 9.26
அந்த பஞ்சர் பையன் நான்தான் 🙏 ஒரு சின்ன டவுட். "பஞ்சர் ஒட்டுவது எப்படி"ங்கிறது மூணு வார்த்தை. 1000 வார்த்தைக்குள்ள அதை 30 தடவை போட்டா 90 வார்த்தை ஆகுது. அப்போ அது 3 சதவீதமா 9 சதவீதமா?

கறார்பேர்வழி | இரவு 9.33
கட்ஸ் போயிட்டா அவர் சொன்னதும் கூடவே போயிடுமா? நியூட்டன் செத்துட்டார்னு மாடியில இருந்து குதிங்களேன். கூகுளோட ஸ்பேம் பாலிசியில கீவேர்டு ஸ்டஃபிங்னு தனித் தலைப்பே இன்னிக்கும் இருக்கு, போய்ப் பாருங்க.

ராத்திரிப்பூனை | இரவு 9.35
ஆரம்பிச்சுட்டாங்கய்யா. நான் பாய் எடுத்துட்டு வந்து ஓரமா உக்காந்துக்கறேன்.

பச்சைவிளக்கு | இரவு 9.41
ஸ்டஃபிங் வேற, 3 சதவீதம் வேற. 3-ங்கிறது அளவோட இருக்கறது. 7, 8 போனாத்தான் ஸ்டஃபிங். இது கூட தெரியாம பேச வந்துட்டீங்க.

நிலாமுற்றம் | இரவு 9.48
பச்சைவிளக்கு, ஒண்ணு கேக்கலாமா? 14-ல இருந்து 5-க்கு வந்த பேஜ்ல, அந்த மூணு வாரத்துல கீவேர்டு தவிர வேற ஏதாவது கை வச்சீங்களா? டைட்டில், வேகம், உள் லிங்க், எதையாவது?

கறார்பேர்வழி | இரவு 9.57
மேடம் அவர்கிட்ட கேட்டுப் புண்ணியமில்ல, அடிப்படையே தெரியாதவர்கிட்ட என்ன கேக்கறது. நான் சொல்றேன் கேளுங்க. தேடுற இயந்திரம் வார்த்தையை எண்ணவே எண்ணாதுன்னு நான் சொல்லல. எண்ணும். ஆனா எப்படி எண்ணும்? 1972-லயே கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ்னு ஒரு அம்மா எழுதி வச்சுட்டாங்க, எல்லாப் பக்கத்துலயும் கிடைக்கிற வார்த்தைக்கு மதிப்பு கம்மி, அபூர்வமா வர்ற வார்த்தைக்கு மதிப்பு ஜாஸ்தின்னு. அதுக்கு அப்புறம் வந்தது பிஎம்25-னு, பக்கத்துக்கு மார்க் போடற ஒரு கணக்கு, தேடல் பாடப் புத்தகம் எதைத் திறந்தாலும் இருக்கும். அதுல ஒரு வார்த்தை திரும்பத் திரும்ப வந்தா மார்க் ஒரே மாதிரி ஏறாது, மேல போகப் போகப் படுத்துடும். சராசரி நீளமுள்ள ஒரு பக்கத்துக்கு, மார்க் எவ்வளவு சீக்கிரம் படுக்கும்னு முடிவு பண்ற எண்ணா வழக்கமா வைக்கிற 1.2-ஐ வச்சுப் போட்டுப் பாத்தேன்: 1 தடவை வந்தா 1 மார்க்னு வைங்க, 2 தடவைக்கு 1.38, 10 தடவைக்கு 1.96, 30 தடவைக்கு 2.12. தொண்டை கிழியக் கத்தினாலும் 2.2-ஐத் தாண்டாது. கூகுள் இதையேதான் அப்படியே வச்சிருக்குன்னு நான் சொல்ல வரல, அவங்ககிட்ட இதுக்கு மேல நூறு சமாச்சாரம் இருக்கு, 2019-ல பெர்ட்னு ஒரு ஏஐ வந்ததுக்கு அப்புறம் வாக்கியத்துல வார்த்தை எந்த அர்த்தத்துல நிக்குதுன்னு வேற பாக்குது. ஆனா இந்தப் பழைய கணக்குலயே உங்க 30 தடவை எடுபடலைன்னா புதுசுல எங்க எடுபடப் போகுது?

பச்சைவிளக்கு | இரவு 10.02
ஹா ஹா. 10 தடவைக்கு 1.96, 30 தடவைக்கு 2.12. எது பெருசு சார்? நீங்களே கணக்குப் போட்டு நீங்களே ஒத்துக்கிட்டீங்க. 1000 வார்த்தைக்கு 30, அதாவது 3 சதவீதம். கேஸ் முடிஞ்சது.

ராத்திரிப்பூனை | இரவு 10.03
😂😂 சொந்த கோல்!

கறார்பேர்வழி | இரவு 10.09
அய்யோ ராமா. இருபது தடவை கூடுதலா எழுதி 0.16 வாங்கறதுக்கு, படிக்க வந்தவன் ரெண்டாவது வரியிலயே பேக் பட்டன் அமுக்கிட்டுப் போறானே, அந்த நஷ்டத்தை யார் கணக்குல எழுதறது? இதைப் புரியவைக்க இன்னும் எத்தனை தடவை சொல்லணும், 30 தடவையா?

பச்சைவிளக்கு | இரவு 10.12
3 சதவீதம்.

வேர்ச்சொல் | இரவு 10.20
நடுவுல வர்றேன், மன்னிக்கணும். தமிழ்ல இந்த சதவீதத்தை எப்படி எண்ணுவீங்க ரெண்டு பேரும்? ஒட்டுவது, ஒட்ட, ஒட்டும், ஒட்டறது, ஒட்டினா, ஒட்டலாம், எல்லாம் ஒண்ணா தனித்தனியா? நான் வச்சிருக்கிற, கீவேர்டை எண்ணிச் சொல்ற ப்ளகின் அப்படியே அச்சு அசலா அந்த எழுத்துக்கோவையைத்தான் தேடுது. "பஞ்சரை ஒட்ட"ன்னு இயல்பா எழுதினா கீவேர்டே இல்லைன்னு சிவப்பு விளக்கு காட்டுது. "டயர்", "டயரை", "டயரில்", "டயருக்கு" நாலும் அதுக்கு நாலு வேற ஜாதி. வேற்றுமை உருபு சேர்ற மொழியில சதவீதம் பேசறதுக்கு முன்னாடி எதை எண்ணறோம்னு முடிவு பண்ணிக்கலாமே. அப்புறம், "தேடுற இயந்திரம்" இல்ல, தேடுபொறி.

கறார்பேர்வழி | இரவு 10.24
தேடுபொறியோ எலிப்பொறியோ, எனக்கு விஷயம் புரிஞ்சா போதும். இலக்கண வகுப்பு வேற இடத்துல நடத்துங்க.

வேர்ச்சொல் | இரவு 10.27
ஒரு நல்ல சொல் இருக்கும்போது அதைக் கேலி பண்றது என்ன பெருமையோ. தமிழ்ல எழுதித்தானே ரேங்க் வாங்கப் பாக்கறீங்க?

கறார்பேர்வழி | இரவு 10.31
இதோ பாருங்க, ஜனங்க பெட்டியில எப்படி டைப் பண்றாங்களோ அப்படித்தான் எழுதணும், அதுதான் முதல் பாடம். உங்க அகராதியில இருக்கிற சொல்லை யாருமே தேடலைன்னா அந்தப் பேஜ் முதல் இடத்துல நின்னு என்ன புண்ணியம்? சர்ச் கன்சோல்ல கொயரி லிஸ்ட், அதாவது ஜனங்க என்ன டைப் பண்ணித் தேடினாங்கங்கிற லிஸ்ட், பாத்திருக்கீங்களா? பாத்துட்டு வாங்க.

வேர்ச்சொல் | இரவு 10.33
பாத்துட்டுத்தான் பேசறேன். என் லிஸ்ட்ல ரெண்டும் வருது.

நிலாமுற்றம் | இரவு 10.36
என் கேள்வி அப்படியே நிக்குது பச்சைவிளக்கு. வேற எதையும் மாத்தலையா?

பச்சைவிளக்கு | இரவு 10.44
மாத்தினேன், என்ன இப்போ. டைட்டில் "முகப்பு"ன்னு இருந்துச்சு, அதை ஒழுங்கான தலைப்பாக்கினேன். ஹோஸ்டிங் (தளம் இருக்கிற சர்வர்) மாத்தினேன், முன்னாடி பெரிய படம் வந்து நிக்க 6 செகண்ட் ஆகும், இப்போ 2 செகண்டுக்குள்ள வருது. முதல் பக்கத்துல இருந்து ஒரு லிங்க் குடுத்தேன், முன்னாடி எங்க இருந்தும் லிங்க் இல்ல. இதெல்லாம் சில்லறை வேலை. மெயின் 3 சதவீதம்தான்.

நிலாமுற்றம் | இரவு 10.46
"முகப்பு"ன்னு டைட்டில் வச்சிருந்த பேஜுக்கு தலைப்பு வச்சது சில்லறை வேலையா?

கறார்பேர்வழி | இரவு 10.52
பாத்தீங்களா! பாத்தீங்களா! வாயாலயே வந்துருச்சு. எந்தப் பக்கத்துல இருந்தும் லிங்க்கே இல்லாம அனாதையா கிடந்த பேஜுக்கு முதல் பக்கத்துல இருந்து கை குடுத்திருக்கார். 1998-ல லாரி பேஜும் செர்கே பிரின்னும் கூகுளையே அந்த லிங்க் ஐடியா மேலதான் கட்டினாங்க. 6 செகண்ட் லோடை 2 ஆக்கியிருக்கார். பெரிய படம் 2.5 செகண்டுக்குள்ள வந்தாத்தான் நல்ல மார்க்குன்னு கூகுளே எழுதி வச்சிருக்கு. தலைப்பே இல்லாத பேஜுக்குத் தலைப்பு வச்சிருக்கார். நாலு மருந்தை ஒண்ணா முழுங்கிட்டு காய்ச்சல் விட்டதுக்கு தாயத்துதான் காரணம்ங்கிறார். இந்த லட்சணத்துல கேரண்டி வேற.

பச்சைவிளக்கு | இரவு 10.58
யார் யாரைச் சொல்றது? போன வருஷம் ஒருத்தர் பழைய பக்கங்களைக் கூகுள்ல இருந்து தூக்கணும்னு கேட்டப்போ "ரோபோட்ஸ் ஃபைல்ல (கூகுளுக்கு உத்தரவு சொல்ற ஃபைல்) டிஸ்அலோ, அதாவது வந்து படிக்காதேன்னு, போடு, போயிடும்"னு அட்வைஸ் பண்ணது யாரு? அவரும் போட்டார். பக்கம் போகவே இல்ல, விவரம் இல்லாம வெறும் முகவரி மட்டும் மாசக்கணக்கா ரிசல்ட்ல தொங்கிட்டு இருந்துச்சு. நோஇன்டெக்ஸ், அதாவது ரிசல்ட்ல காட்டாதேன்னு, பக்கத்துல போடணும், அதைக் கூகுள் வந்து படிக்கணும்னா டிஸ்அலோவை எடுக்கணும். அன்னிக்கு அதை நான் சொன்னப்போ என்னை "விளம்பர ஆசாமி"ன்னீங்க. மறக்கல சார் நான்.

கறார்பேர்வழி | இரவு 11.05
அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? அன்னிக்கு அந்தாளு கேள்வியையே சரியாக் கேக்கல, க்ரால் பண்றதை, அதாவது கூகுள் வந்து படிக்கிறதை, தடுக்கணும்னு நான் புரிஞ்சுக்கிட்டேன், அதுக்கு என் பதில் சரிதான். பழசைக் கிளறினா எனக்கும் தெரியும். 200 டைரக்டரியில (தளங்களைப் பட்டியல் போடற தளம்) சப்மிட் பண்ணு, பேக்லிங்க் (வேற தளத்துல இருந்து வர்ற லிங்க்) கொட்டும்னு லிஸ்ட் போட்டது யாரு? 2012-ல கூகுளோட பென்குயின் அப்டேட்டே அந்த மாதிரி லிங்க்குக்குத்தான் வந்துச்சு, நீங்க லிஸ்ட் போட்டது அதுக்கெல்லாம் எத்தனையோ வருஷம் கழிச்சு. அதுல படிக்கிறவங்க கண்ணுக்குத் தெரியாத மெட்டா கீவேர்ட்ஸ் டேக்ல 25 வார்த்தை போடுங்கன்னு போனஸ் டிப் வேற. ரேங்கிங்குக்கு அந்த டேகைப் பாக்கறதே இல்லைன்னு கூகுள் 2009 செப்டம்பர்ல அறிவிச்சுருச்சு சார், 2009!

பச்சைவிளக்கு | இரவு 11.08
கூகுள் மட்டும்தான் உலகமா? வேற தேடுபொறியே இல்லையா?

வேர்ச்சொல் | இரவு 11.09
அப்பாடா, ஒருத்தராவது தேடுபொறின்னு எழுதினார்.

ராத்திரிப்பூனை | இரவு 11.10
வேர்ச்சொல் ஒரு கட்சியில சேந்துட்டார். ஸ்கோர் 2-1.

கத்துக்குட்டி | இரவு 11.17
அண்ணே, எல்லாரும் தப்பா நினைக்காதீங்க. அந்த 3-ஆ 9-ஆ? ப்ளகின் 9-னு காட்டி சிவப்பு எரியுது. பச்சைவிளக்கு அண்ணன் 8 போனா ஸ்டஃபிங்னு சொன்னார், அதான் கேக்கறேன்.

பச்சைவிளக்கு | இரவு 11.20
3 தான் தம்பி. ப்ளகின் அப்டேட் பண்ணிப் பாரு.

நிலாமுற்றம் | இரவு 11.24
கத்துக்குட்டி, எண்ணறதை விட்டுடுங்க. தலைப்புல ஒரு தடவை, முதல் பாராவுல இயல்பா ஒரு தடவை வந்தா போதும். டயர் லீவர், பேட்ச், உப்புத்தாள், சொல்யூஷன், வால்வு, டியூபை தண்ணியில முக்கி குமிழி வர்ற இடத்தைக் குறிக்கிறது, இதெல்லாம் எழுதினா விஷயம் என்னன்னு இயந்திரத்துக்கும் புரிஞ்சுடும், படிக்கிறவனுக்கும். அந்தப் பதினோராவது பாராவை ரெண்டாவது பாராவாக்குங்க. படத்துக்கு ஆல்ட்ல, அதாவது படத்துல என்ன இருக்குன்னு சொல்ற வரியில, "உப்புத்தாளால் டியூபைத் தேய்க்கும் கை"ன்னு இருக்கறதை எழுதுங்க, அங்கயும் கீவேர்டைத் திணிக்காதீங்க.

கறார்பேர்வழி | இரவு 11.31
நான் ரெண்டு மணி நேரமா சொல்றதைத்தான் மேடமும் சொல்றாங்க. ஆனா "இயல்பா ஒரு தடவை"ன்னா அதுவும் ஒரு எண்ணிக்கைதானே மேடம்? ஏன் ஒரு தடவை, ஏன் ரெண்டு இல்ல? நீங்களும் கொஞ்சம் அவர் பாதையிலதான் போறீங்க.

நிலாமுற்றம் | இரவு 11.34
உங்களுக்கு ஆதரவாப் பேசினாலும் அடியா? நல்லா இருக்கு. பஞ்சரை இதுவரைக்கும் ஒரு தடவையாவது கையால ஒட்டியிருக்கீங்களா?

கறார்பேர்வழி | இரவு 11.37
ஒட்டியிருக்கேன். அதுக்கும் கீவேர்டு சதவீதத்துக்கும் என்ன சம்பந்தம்? அப்புறம் உப்புத்தாள் எல்லா பேட்ச்சுக்கும் தேவையில்ல, பசை தடவியே வர்றது இருக்கு, தெரியாம எழுதாதீங்க.

நிலாமுற்றம் | இரவு 11.41
பசையோட வர்ற பேட்ச்சுக்கும் டியூபைத் தேய்ச்சுட்டுத்தான் ஒட்டணும், இல்லைன்னா அடுத்த திருப்பத்துல பிச்சுக்கும். டப்பாவுக்குள்ள துண்டு உப்புத்தாள் எதுக்குப் போட்டுத் தர்றாங்கன்னு நினைச்சீங்க?

கறார்பேர்வழி | இரவு 11.43
என் டப்பாவுல இல்ல.

பச்சைவிளக்கு | இரவு 11.44
பஞ்சரும் தெரியாது, எஸ்இஓவும் (கூகுள்ல மேல வர்ற வித்தை) தெரியாது 😂 3 சதவீதம் சார், எழுதி வச்சுக்குங்க.

கறார்பேர்வழி | இரவு 11.46
பச்சைவிளக்கு, நீங்க படுத்துட்டு காலையில வாங்க. அந்த சர்ச் கன்சோல் ஸ்க்ரீன்ஷாட்டை தேதியோட போடுங்க, லிங்க் குடுத்த நாள் எது, கீவேர்டு ஏத்தின நாள் எதுன்னு பாத்துடலாம்.

பச்சைவிளக்கு | இரவு 11.49
போடறேன். முதல்ல நீங்க அந்த ரோபோட்ஸ் ஆளுகிட்ட மன்னிப்புக் கேளுங்க.